கோள்மூட்டி

தம்பியை முதன்முதலில் அவள் கையில் கொடுத்தபோது, வெள்ளைத் துண்டுக்குள் மூக்கு மட்டும் வெளியே தெரியும்படி அவனைச் சுற்றிவைத்திருந்தார்கள்.

"என்னப்பா இது, கடையில கட்டிக் குடுத்த பொட்டலம் மாதிரி இருக்கான்!" என்றாள் குண்டூசி. அன்றிலிருந்து அவன் பொட்டலம்தான். சான்றிதழில் இருக்கும் பெயரைச் சொல்லி அந்த வீட்டில் யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை.

குண்டூசியும் அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான். ஆள் ஒல்லி, உயரம். எதைக் கேட்டாலும் சுருக்கென்று தைக்கிற மாதிரி கேட்பாள். அப்பா வைத்த பெயர். பதின்மூன்று வயது வரைக்கும் அந்த வீட்டுக்கு அவள் ஒற்றைப் பிள்ளை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளுக்குள் கிரீஸும் கையுமாகத் திரிபவர். அம்மாவுக்கு பேக்கரியில் வேலை. கேக்குகளின் மேல் கிரீமில் பூ வைப்பாள். எத்தனை சோப்பு போட்டாலும் அவள் விரல் நுனியில் ரோஸ் நிறம் போகாது.

தம்பி வந்ததில் குண்டூசி குதித்த குதி கொஞ்சமில்லை. டயப்பர் மாற்றக் கற்றுக்கொண்டாள். புட்டியைக் கொதிநீரில் போட்டு எடுப்பது, தோளில் போட்டு ஏப்பம் வரவழைப்பது, எல்லாம் அவள் வேலை. பள்ளியிலிருந்து வந்ததும் பையைக் கழற்றக்கூட மாட்டாள், நேரே தொட்டிலுக்குத்தான்.

ஒரு விடுமுறை நாள் காலை. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு குண்டூசி ஹால் ஜன்னலருகே நின்றாள். வீடு நாலாவது மாடியில். கீழே ஒரு குப்பை லாரி பின்னால் எடுக்க இடமில்லாமல் கூவிக்கொண்டிருந்தது. "அங்க பாரு, லாரிக்கு அழுகை வந்துடுச்சு" என்று அவனுக்குக் காட்டினாள்.

அப்போதுதான் அது வந்தது.

கையை விட்டுட்டா?

அவ்வளவுதான். வேறு யாரோ சொன்னதுபோலக்கூட இல்லை. அவள் மனசு, அவள் குரல். ஆனால் உடம்பு முழுக்கச் சில்லிட்டுப் போனது. பொட்டலத்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வந்து, தொட்டிலில் கிடத்தினாள். பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். ஏன் இப்படித் தோன்றியது? நல்ல பெண்ணுக்கு இப்படித் தோன்றுமா?

தோன்றக்கூடாது என்று நினைத்தாள். நினைக்க நினைக்க அது அதிகமாக வந்தது. ரொட்டி வெட்டும்போது வந்தது. தலையணையை உதறும்போது வந்தது. பொட்டலத்தின் கழுத்தில் பவுடர் போடும்போது வந்தது. ஒவ்வொரு முறையும் அங்கிருந்து ஓடினாள். ஒவ்வொரு முறையும் அது கூடவே ஓடிவந்து கேட்டது: ஓடறேன்னா பயம். பயம்னா செய்வேன்னுதானே அர்த்தம்?

ஹால் ஜன்னல் கொக்கியில் நைலான் கயிறு சுற்றப்பட்டிருந்தது. யார் கட்டியது என்று யாருக்கும் தெரியவில்லை. ரொட்டி வெட்டும் கத்தி காணாமல் போய், வீடே ரொட்டியைக் கையால் பிய்த்துத் தின்றது. கடைசியில் அது அப்பாவின் பழைய பூட்ஸுக்குள் அகப்பட்டது. "நல்லவேளை, காலை விடறதுக்கு முன்னாடி உதறினேன்" என்றார் அப்பா. "இந்த வீட்டுல என்னதான் நடக்குது?"

குண்டூசி தம்பி பக்கமே போவதை நிறுத்திவிட்டாள். அவன் இருக்கும் அறைக்குள் கால் வைக்கமாட்டாள். அவன் சிரித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பள்ளியில் மார்க் சரிந்தது. கணக்கு வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருபவள் மாதிரி விழித்தாள்.

அம்மா மறுபடி வேலைக்குப் போகவேண்டிய நாள் நெருங்கியபோது குழந்தையைப் பார்த்துக்கொள்ள அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். பெண்கள் ஹாஸ்டலில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். வந்த அன்றே வீட்டுக்கு மணி அடிக்க ஆரம்பித்துவிட்டாள்; எழுந்திருக்க ஒரு நேரம், விளக்கணைக்க ஒரு நேரம். ஆனால் பொட்டலத்தின் மேல் உயிரை வைத்திருந்தாள். அவன் தும்மினால் அவளுக்கு ஜுரம் வரும்.

வந்த வாரத்திலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

"பொறாமைம்மா. வேறென்ன? இத்தனை வருஷம் ஒத்தை ராணியா இருந்தவ. பங்கு போட ஆள் வந்ததும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறா. என் ஹாஸ்டல்ல இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்!"

"அவ அப்படிப்பட்டவ இல்ல அண்ணி" என்றாள் அம்மா. ஆனால் சொன்ன குரலில் அவளுக்கே உறுதியில்லை.

அத்தை கண் பரிசோதனைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம். கீழே கேஸ் சிலிண்டர் வண்டி வந்து நின்றது. "ரெண்டு நிமிஷம் இவனைப் பிடிடி" என்று அம்மா பொட்டலத்தை நீட்டினாள். குண்டூசி கையை நீட்டவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பிடின்னா பிடி! வண்டி போயிடும்."

"முடியாது."

"என்ன முடியாது? உன் தம்பிதானே? பாம்பா?"

"முடியாதும்மா!" என்று அலறிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அம்மா வேறு வழியில்லாமல் குழந்தையைக் கட்டில் நடுவில் கிடத்தி, தலையணைகளை அணையாக வைத்துவிட்டுக் கீழே ஓடினாள். திரும்பி வரும்போது பொட்டலத்தின் அழுகை மாடிப்படியிலேயே கேட்டது. குளியலறைக் கதவு இன்னும் சாத்தியிருந்தது. அம்மாவுக்கு எங்கிருந்தோ கோபம் பொங்கியது. கதவை உடைக்கிற மாதிரி தட்டி, வெளியே வந்தவளின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

குண்டூசி அழவில்லை. "இன்னும் அடி" என்றாள். "அடிச்சுட்டு என்னை எங்கயாவது அனுப்பிடு. இல்லன்னா கையைக் கட்டிப் போடு."

"என்னடி உளர்ற?"

"என்னால அவனுக்கு ஏதாவது ஆயிடும்மா. எனக்கு அப்படியே தோணுது. ஜன்னல்கிட்ட நின்னா தூக்கிப் போட்டுடுவேனோன்னு. கத்தியைப் பார்த்தா குத்திடுவேனோன்னு. எனக்கு வேண்டாம்மா, நான் கூப்பிடல, அதுவா வருது. நான் பேயா?"

அம்மாவின் இடுப்பில் பொட்டலம் இருந்தான். அவளை அறியாமல் அவள் கால் ஓர் அடி பின்னால் போனது. குண்டூசி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, எதிர்பார்த்தது வந்துவிட்டதைப்போலத் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி குளியலறைக்குள் போகத் திரும்பினாள்.

அம்மா அவள் சட்டையைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தினாள். "உள்ள போகாத. இங்க உட்காரு. முதல்லருந்து சொல்லு."

பொட்டலத்துக்குத் தடுப்பூசி போடும் டாக்டர்தான் வழி சொன்னார். அவர் அனுப்பிய இடத்தில் இருந்தவர் குழந்தைகளுக்கான மனநல டாக்டர். ஓயாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. "எனக்கு ஜலதோஷம், கிட்ட வராதே" என்று சொல்லிவிட்டு, மரக்கட்டை பொம்மைகள் கிடந்த மூலையில் சின்னப் பிள்ளைகளின் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார். பெற்றோரை வெளியே இருக்கச் சொன்னார். அவசரமே படாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போது ஆரம்பித்தது, யாராவது அவளை அடிக்கிறார்களா, காதில் குரல் கேட்கிறதா, தூக்கம் எப்படி.

"அந்த எண்ணம் வர்றப்போ எப்படி இருக்கும்? செய்யணும்னு ஆசையா இருக்குமா?"

"ச்சீ! செத்துடலாம் போல இருக்கும்."

டாக்டர் கைக்குட்டையைக் கீழே வைத்தார். "சும்மா சொல்ற வார்த்தையா அது? இல்ல, நிஜமாவே சாகணும்னு தோணுதா? எதுவா இருந்தாலும் சொல்லு, நான் பதற மாட்டேன்."

குண்டூசி யோசித்தாள். "இல்ல. வாந்தி வர்ற மாதிரி அருவருப்பா இருக்கும்னு சொல்ல வந்தேன்."

"அப்ப வாந்தின்னே வெச்சுக்கலாம்." டாக்டர் சிரிக்கவில்லை. "பாரு, கிறுக்குத்தனமான எண்ணம் வராத மனுஷங்களே கிடையாது. நான் பாலத்து மேல கார் ஓட்டும்போதெல்லாம், இப்படியே ஆத்துக்குள்ள திருப்பிட்டா என்னன்னு ஒண்ணு வரும். போடான்னு விட்டுட்டு வந்துடுவேன். உன்னால அப்படி விட முடியல. ஏன் வந்தது, எப்படி வரலாம்னு அதைப் பிடிச்சு விசாரிக்கிறே. விசாரிக்க விசாரிக்க அதுக்கு மவுசு. இதுக்கு ஓசிடின்னு பேரு. இது எதைப் பிடிச்சு ஆட்டும் தெரியுமா? நீ எதை ரொம்ப நேசிக்கிறியோ அதைத்தான். உனக்குத் தம்பி மேல பிரியம் இல்லைன்னா இது உன்கிட்ட வேற கதையைத்தான் கொண்டு வந்திருக்கும்."

குண்டூசி ஒரு மரக்கட்டையை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தாள். பிறகு சொன்னாள்: "எங்க கிளாஸ்ல ஒருத்தி இருக்கா டாக்டர். அவ உன்னைப் பத்தி இப்படிச் சொன்னான்னு இவகிட்ட வந்து சொல்லுவா, இவ இப்படிச் சொன்னான்னு அவகிட்ட போய் சொல்லுவா. கோள்மூட்டி. இதுவும் அதே வேலைதான் பண்ணுது. என்னைப் பத்தி என்கிட்டயே கோள் சொல்லுது."

"அப்படிப்பட்டவகிட்ட நீ என்ன பண்ணுவே?"

"ஆமாம்மா, அப்படியே இருக்கட்டும், போன்னு சொல்லிடுவேன்."

"அவ்வளவுதான் வைத்தியம்" என்றார் டாக்டர். "கேட்கறதுக்குத்தான் சுலபம்."

உள்ளே வந்த அப்பாவுக்கு முதலில் ஏறவில்லை. "என் பொண்ணுக்குப் பைத்தியமா டாக்டர்?" என்று கேட்டவர், விளக்கத்தைக் கேட்டுக்கேட்டு நெற்றியைத் தேய்த்தார். "ஆளே ஏறாம ஓவர்லோடு மணி அடிக்கிற மாதிரியா?"

"அதேதான்."

"அப்ப மணியைக் கழட்டிடலாமே."

"கழட்ட முடியாது. அது பாட்டுக்கு அடிக்கட்டும், வண்டி ஓடட்டும்னு பழக்கணும்."

"அது ரூல்ஸ்படி தப்பு டாக்டர்" என்றார் அப்பா வெகு சீரியஸாக. குண்டூசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னல் நாளுக்குப் பிறகு அவள் சிரித்து அம்மா பார்த்தது அப்போதுதான்.

ஒரு மாத்திரையும் நிறையப் பயிற்சியும் கொடுத்தார்கள். பயிற்சி என்பது ஓடாமல் இருப்பது. முதலில் தம்பி இருக்கும் அறையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு தொட்டிலை ஆட்ட வேண்டும். பிறகு மடியில் வாங்க வேண்டும். பிறகு கத்தி மேஜை மேல் இருக்க அவனை மடியில் வாங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் பயம் மலையாக ஏறும். இறங்கும் வரை எழுந்திருக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. "நான் செய்ய மாட்டேன்ல?" என்று அவள் கேட்டால், மாட்டாய் என்று யாரும் ஆறுதல் சொல்லக் கூடாது. ஆறுதலைத் தின்றுதான் அது வளர்கிறதாம்.

"அம்மா, நான் அப்படியெல்லாம் பண்ண மாட்டேன்ல?"

"தெரியலையே. பார்க்கலாம்."

"அம்மா!"

"என்னைத் திட்டாத. டாக்டர் சொல்லிக்குடுத்தது. எனக்கு மட்டும் இப்படிச் சொல்ல ஆசையா?"

அன்று மாலை, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, அம்மா திடீரென்று சொன்னாள்: "அன்னிக்கு நான் பின்னால ஒரு அடி வெச்சேன். நீ பார்த்தே."

"பார்த்தேன்."

"மன்னிப்பெல்லாம் கேட்க எனக்கு வராது. இனிமே வைக்க மாட்டேன். அவ்வளவுதான்." துண்டை உதறி மடித்தாள். "அது உன்கிட்ட வந்து, பாரு உங்கம்மாவே பயப்படறான்னு சொன்னா, பொய்யின்னு சொல்லு."

இதெல்லாம் அத்தைக்குத் தெரியாமலே நடந்தது. "அக்காகிட்ட சொன்னா மைக் வெச்சு சொன்ன மாதிரி" என்று அப்பா தடுத்துவிட்டார். டாக்டரிடம் போவதைக் கண் வலி என்றார்கள். அம்மாவுக்கு அதில் உடன்பாடில்லை. "என்ன குத்தம் பண்ணினோம்னு ஒளிக்கணும்?" என்று கேட்டாள். அப்பா ஸ்பேனரைத் தேடப் போய்விட்டார்.

குண்டூசிக்குப் பிடிவாதம் பிறவியிலேயே உண்டு. இவ்வளவு நாள் அது அம்மாவோடு சண்டை போட மட்டும் பயன்பட்டது. இப்போது உருப்படியான எதிரி கிடைத்துவிட்டது. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, வியர்த்து ஊற்ற, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கோள்மூட்டி வந்து காதைக் கடிக்கும். அதற்கு வாய்விட்டே பதில் சொல்லக் கற்றுக்கொண்டாள். மறுத்துப் பேசக் கூடாது என்பது டாக்டரின் விதி. மறுத்தால் அது வழக்காடும். அதனால் கிண்டல்.

அப்படித்தான் ஒரு நாள் அவள் பொட்டலத்துக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தாள். அவன் காலை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கோள்மூட்டி வந்து தன் பழைய பாட்டைப் பாடியது.

"ஆமா, ஆமா, தூக்கிப் போடத்தான் போறேன்" என்றாள் குண்டூசி சத்தமாக. "இப்ப கை ஒழியல. நாளைக்கு டெஸ்ட் வேற இருக்கு. அடுத்த மாசம் பார்க்கலாம். நீ போய் வரிசையில நில்லு."

பின்னால் ஏதோ விழுந்து உடைந்தது. வாசற்படியில் அத்தை நின்றிருந்தாள். காலடியில் சூப் கிண்ணம் சில்லு சில்லாகக் கிடந்தது.

குண்டூசி வாயைத் திறப்பதற்குள் அத்தை பாய்ந்து குழந்தையைப் பறித்துக்கொண்டாள். அரைகுறை டயப்பரோடு அவனை அள்ளிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். உள்ளே இருந்து போன் மேல் போன் போகும் சத்தம் கேட்டது. "கொல்லப் போறேன்னு சொல்றாடா! என் காதால கேட்டேன்! வரிசையாம், அடுத்த மாசமாம், நாள் குறிச்சு வெச்சிருக்கா!"

பேக்கரி உடுப்போடு அம்மா ஓடிவந்தாள். கதவு திறக்கவில்லை. அப்பா வந்தபிறகுதான் திறந்தது. சாயங்காலத்துக்குள் சித்தப்பாவும் சித்தியும்கூட வந்துவிட்டார்கள். சித்தப்பா இன்சூரன்ஸ் ஏஜென்ட். எந்தப் பேச்சையும் ரிஸ்க்கில்தான் தொடங்குவார். சித்தி அதிகம் பேசமாட்டாள். ஹாலில் இருந்த நாற்காலிகள் போதாமல், சித்தி துணிக்கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். அத்தை குழந்தையை மடியைவிட்டு இறக்கவில்லை.

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர், மாத்திரை, பயிற்சி, கோள்மூட்டி. ஒன்றையும் ஒளிக்கவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வியாதின்னே வெச்சுக்குவோம்" என்றார் சித்தப்பா. "இருந்தாலும் ரிஸ்க்னு ஒண்ணு இருக்குல்ல அண்ணி? கைக்குழந்தை விஷயம்."

"ரிஸ்க் என்னன்னு டாக்டர் பார்த்துட்டாங்க. பார்த்துட்டுத்தான் தூக்கச் சொல்றாங்க."

"டாக்டர் வீட்டுக் குழந்தையா இது?" அத்தையின் குரல் உடைந்தது. "நான் யாருக்கும் கெட்டது நினைக்கல. எனக்குத் தெரிஞ்ச ஹாஸ்டல் இருக்கு. நல்லா பார்த்துப்பாங்க. இவன் வளர்ந்து ஓடியாடற வரைக்கும் அவ அங்க இருக்கட்டும். யாருக்கு நஷ்டம்?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தொண்டையைச் செருமினார். "கொஞ்ச நாளைக்கு மட்டும்னா..." என்று இழுத்தார்.

"ஒரு நாளைக்குக்கூட இல்ல" என்றாள் அம்மா. "தள்ளி வெச்சா, அது சொன்னதுதான் உண்மைன்னு அவளுக்கு ஆயிடும். என் வீட்டுல வெளிய போக வேண்டியது அந்தக் கோள்மூட்டிதான். என் பொண்ணு இல்ல."

"அப்படின்னா நான் போறேன்" என்றாள் அத்தை.

அப்போது குண்டூசியின் அறைக்கதவு திறந்தது. அத்தனை பேரும் திரும்பினார்கள். அழுது வீங்கிய முகம். ஆனால் தலைமுடியை இறுக்கிக் கட்டி, சட்டைக்கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தாள்.

"அத்தை, அவனைக் குடுங்க. குளிக்கிற நேரம்."

அத்தை முந்தானையால் அவனை மூடினாள்.

"என்னைப் பத்தி இத்தனை பேரு பேசறீங்க. ஒருத்தர்கூட என்கிட்ட கேட்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அந்த எண்ணம் வருது. இப்பக்கூட வருது. நீங்க எல்லாரும் என்னை முறைக்கறப்போ இன்னும் நல்லா வருது. வந்துட்டுப் போகட்டும். நான் எங்கயும் போகப் போறதில்ல. இவன் என் தம்பி. இவனைக் குளிப்பாட்டறது என் வேலை. என் வேலையை நான் இவ்வளவு நாள் அதுக்குப் பயந்து விட்டுக்குடுத்தேன். இனிமே அதுக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன், உங்களுக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன்."

"என்ன வாய் பாரு" என்றாள் அத்தை. கைகள் குழந்தையை இன்னும் இறுக்கின.

அம்மா எழுந்து முன்னால் வந்தாள். "அண்ணி, குடுங்க." அத்தையின் விரல்களை மெல்ல, ஒவ்வொன்றாகப் பிரித்தாள். குழந்தையை வாங்கினாள். எல்லார் முன்னாலும் அவனைக் குண்டூசியின் கையில் வைத்தாள். வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்காமல் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

குண்டூசி குளியலறை வாசலில் நின்று திரும்பினாள். "பார்க்கணும்னு இருக்கறவங்க வந்து பார்க்கலாம். ஆனா நடுவுல யாரும் ஜாக்கிரதைன்னு சொல்லக் கூடாது."

எல்லாரும் அவள் பின்னாலேயே போனார்கள். குளியலறை வாசலில் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் விட்டு, முழங்கையை நனைத்துச் சூடு பார்த்தாள். பொட்டலத்தின் தலைக்கடியில் இடது கையைக் கொடுத்து மெதுவாக இறக்கினாள். வெதுவெதுப்பு பட்டதும் அவன் வாயைப் பிளந்து ஒரு பெருமூச்சு விட்டான்.

கோள்மூட்டி அன்று தன் மொத்தப் படையோடு வந்திருந்தது. இத்தனை சாட்சி இருக்கிறார்கள், இப்போது அமுக்கினால் என்ன ஆகும், அமுக்கு, நீ அமுக்குவாய். அவள் காதில் ரத்தம் இரைந்தது. இடது கை மரத்துப்போன மாதிரி இருந்தது. தன் கைதானா என்றே சந்தேகம் வந்தது. ஒரு கணம், அம்மாவைக் கூப்பிட்டுக் குழந்தையைக் கொடுத்துவிட்டு ஓடிப்போய்விட்டால் எவ்வளவு நிம்மதி என்று நினைத்தாள்.

பொட்டலம் அவள் மூக்கில் தண்ணீரைத் தெறித்தான்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றாள் குண்டூசி வாய்விட்டு. "ஒரே பாட்டை எத்தனை தடவை பாடுவே? சோப்பு போட்டு முடிச்சுட்டு வரேன். அதுவரைக்கும் அந்த வாளி மேல உட்காரு. அத்தை பக்கத்துல இடம் இருக்கு பாரு."

அத்தை வாளியைப் பார்த்துவிட்டு, தன்னையறியாமல் ஓர் அடி விலகிக்கொண்டாள்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வாளி மேல..." என்றார். "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லு, அது உட்காரணுமாம்." சிரித்துக்கொண்டே இருந்தவர் எப்போது அழ ஆரம்பித்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. கிரீஸ் காய்ந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, மகளின் பக்கத்தில் ஈரத்தரையில் குந்தினார். "துண்டு நான் பிடிக்கறேன்" என்றார். "ஹாஸ்டல் பேச்சுக்குத் தலையாட்டினேன்ல, அதை மறந்துடு."

"மறக்க மாட்டேன்" என்றாள் குண்டூசி. "துண்டை விரிச்சுப் பிடிங்க."

அவள் அவனுக்குத் தலைக்கு ஊற்றினாள், காது மடல் பின்னால் தேய்த்தாள், விரலிடுக்கில் அழுக்கு எடுத்தாள். வேண்டுமென்றே எதிலும் அவசரப்படவில்லை. முடியும்போது அவள் சட்டை முழுக்க நனைந்திருந்தது. எது தண்ணீர், எது வியர்வை என்று சொல்ல முடியாது. பயம் போய்விடவில்லை. ஆனால் அது வந்த உயரத்தில் இல்லை. பாதி மாடி இறங்கியிருந்தது.

அத்தை அன்றைக்கே தன் பெட்டியைக் கட்டினாள். "இந்த வயசுல என்னால இந்த நடுக்கத்தைத் தாங்க முடியாது" என்றாள். அதில் பொய்யில்லை. லிஃப்ட் வரைக்கும் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். "எப்ப வேணும்னாலும் வாங்க அண்ணி. உங்களுக்குன்னு கட்டில் இருக்கும். ஆனா அவளை அனுப்பினாதான் வருவேன்னா, வராதீங்க." அத்தை உள்ளே ஏறினாள். லிஃப்ட் கதவு மூடும்வரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சித்தப்பா வண்டி எடுக்கப் போன இடைவெளியில், சித்தி குண்டூசியின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்:

"எனக்கும் வந்துச்சு. உன் தங்கச்சி, என் பொண்ணு பொறந்தப்போ. மாடிப்படியில இறங்கும்போதெல்லாம், உருட்டி விட்டுடுவேனோன்னு. இதுவரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறந்ததில்ல."

"அப்புறம் என்ன பண்ணீங்க சித்தி?"

"படியில இறங்கறதையே விட்டுட்டேன். இப்பவும் அவளைக் கையில பிடிச்சா லிஃப்ட்தான்." சித்தி தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "உங்க சித்தப்பா, முட்டி வலின்னு நினைச்சுட்டு இருக்காரு."

குண்டூசி அந்தக் கைப்பையை வாங்கிக் கட்டிலில் வைத்தாள். "எங்க வீடு நாலாவது மாடி. கீழ போகறதுக்குப் படியும் இருக்கு. தங்கச்சியை அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க. நீங்க அவ கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்குங்க, நான் கூட வரேன். பயம் வரும். வரட்டும்."

சித்தி சிரித்தாளா, முகத்தைச் சுளித்தாளா என்று தெரியவில்லை. ஆனால் டாக்டரின் நம்பரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டுதான் போனாள்.

அதற்குப் பிறகு எல்லாம் நேர்க்கோட்டில் போய்விடவில்லை. பரீட்சைக் காலத்தில் கோள்மூட்டி மறுபடி தலைதூக்கி, ஒரு வாரம் குண்டூசியை அவள் அறைக்குள்ளேயே அடைத்துவைத்தது. டாக்டர் மாத்திரையை மாற்றினார். பள்ளியில் எப்படியோ விஷயம் கசிந்து, "டீ, இவகிட்ட கத்தரிக்கோல் குடுக்காதீங்க" என்று ஒருத்தி பின்பெஞ்சிலிருந்து சொன்னாள். குண்டூசி எழுந்து நேரே அவளிடம் போய், "எனக்கு ஓசிடி. உனக்கு என்ன?" என்று கேட்டாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து போர்வைக்குள் அழுதாள் என்பதும் உண்மை. மறுநாள் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள் என்பதும் உண்மை.

பொட்டலம் நடக்க ஆரம்பித்தான். அதற்கு முன்னாலேயே பல் முளைத்துவிட்டது. அக்கா கணக்குப் போட உட்கார்ந்தால், மேஜைக்கடியில் தவழ்ந்து வந்து அவள் கெண்டைக்காலைக் கவ்வுவான். ஒரு நாள் நன்றாகவே கடித்துவிட்டான். நான்கு பல்லும் பதிந்து ரத்தம் கட்டிப்போயிற்று. குண்டூசி ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டே ஹாலுக்கு வந்தாள். அப்பா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா அத்தையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். காலைத் தூக்கி மேஜை மேல் வைத்து, பல் தடத்தை எல்லாருக்கும் காட்டினாள்.

"போனை ஸ்பீக்கர்ல போடும்மா, அத்தையும் கேட்கட்டும்" என்றாள். "இந்த வீட்டுல ஆபத்தான ஆள் யாருன்னு இப்ப சொல்லுங்க."